சுகர், கால் எரிச்சல், அட்டாக்குக்கு அப்புறம் படபடப்பு: வந்த கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். சும்மா செக்கப்புக்கு ஈசிஜி எடுத்தா பழைய அட்டாக் ஒண்ணு வந்துட்டு போயிருக்குன்னு சொல்றாங்க. நெஞ்சு வலின்னு ஒரு நாள்கூட சொன்னதில்லையே டாக்டர்?

இது அடிக்கடி பாக்குறதுதாங்க. காலை மரத்துப்போக வைக்குற அதே சுகர் இதயத்துக்கு போற நரம்பையும் கெடுக்குது, வலியை எடுத்துச் சொல்ற நரம்பே மங்கிப்போனா வலி எங்கேர்ந்து தெரியும். இவங்களுக்கு அட்டாக்னா திடீர்னு மூச்சு வாங்கும், சில்லுனு வேர்க்கும், வாந்தி வரும், இல்ல ஆளையே சாய்க்குற அசதியா இருக்கும், வீட்ல கேஸ்னு சொல்லி சோடா வாங்கிக் கொடுத்து படுக்க வச்சிடுவாங்க. அந்த நேரத்துல 108 கூப்பிடுங்க. கேஸா இல்லையான்னு ஈசிஜியும் ட்ரோபோனின் டெஸ்ட்டும் (இதயத் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்) பாத்துட்டு நாங்க சொல்றோம்.

சுகர் இருக்கு, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சிருக்கேன். சும்மா உக்காந்திருந்தாலே பல்ஸ் 105, எந்திரிச்சா தலை சுத்துது, பிபி நார்மல்னு அனுப்பிட்டாங்க.

உக்கார வச்சு மட்டும் பாத்திருப்பாங்க. அஞ்சு நிமிஷம் படுத்துட்டு ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. மேல் பிபி 20, இல்ல கீழ் பிபி 10 குறைஞ்சா அதான் தலைசுத்தலுக்கு காரணம், பிபி அப்படி இறங்கியும் பல்ஸ் பெருசா ஏறலைன்னா நரம்பு மேல சந்தேகம் வரும். துடிப்பை மெதுவாக்குற வேகஸ் நரம்புதான் சுகர்ல முதல்ல அடிவாங்கும், அதனாலதான் பல்ஸ் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா ரத்தசோகை, தைராய்டு, இதயம் பம்ப் பண்றது குறைஞ்சது, பிபி மாத்திரை டோஸ் இதெல்லாம் பாக்காம எடுத்தவுடனே நரம்புன்னு முடிவு கட்டக்கூடாது.

அட்டாக் வந்து ஒரு மாசம் ஆச்சு. கால் எரிச்சலுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்த மாத்திரையை இப்பவும் போடலாமா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறைய பேர் கேக்கணும்! அட்டை பின்னாடி திருப்பி பேரைப் படிங்க. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின்னு இருந்தா இன்னைக்கே உங்க ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டுங்க, அட்டாக் வந்த புதுசுல இது ரெண்டும் ஆகாது, துடிப்பை தாறுமாறாக்கும், நின்னா பிபியும் இறங்கும். நம்ம ஊர்ல என்ன வம்புன்னா ப்ரீகாபலின், நார்ட்ரிப்டிலின், மீத்தைல்கோபாலமின் (இது பி12 விட்டமின்) மூணையும் ஒரே மாத்திரையில போட்டு விக்கிறாங்க, சாப்பிடுறவர் அதை வெறும் "நரம்பு விட்டமின்"னு நினைச்சு வருஷக்கணக்கா கடையில வாங்கிக்கிட்டே இருப்பார், ஹார்ட் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா விட்டமினைப் போய் யாரு சொல்லுவா. தனி ப்ரீகாபலின் துடிப்பைப் பொறுத்தவரை பரவாயில்ல, ஆனா கால் வீங்கும், இதயம் வீக்கா இருந்தா ஜாக்கிரதை, கிட்னிக்கு ஏத்த மாதிரி டோஸ் குறைக்கணும். கால் எரிச்சலுக்குக் கொடுக்குற இன்னொரு மாத்திரையான டுலாக்செடின்னா, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்குற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோட சேரும்போது ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் ரொம்ப நாளா போடுறவங்க பி12 அளவையும் ஒருக்கா பாத்துடுங்க.

துடிப்பு அப்பப்ப மிஸ் ஆகுது. அதை நிறுத்த மாத்திரை இல்லையா?

இருக்கு, ஆனா அவசரப்படாதீங்க. துடிப்பை அடக்குற ஃப்ளெகைனைட் மாதிரி மருந்தை அட்டாக் வந்தவங்களுக்கு கொடுத்துப் பாத்த காஸ்ட் ஆய்வுல எக்ஸ்ட்ரா துடிப்பு அடங்குச்சு, ஆனா மருந்து சாப்பிட்டவங்கதான் அதிகமா செத்தாங்க, 1989-ல அந்த மருந்துகளை பாதியிலயே நிறுத்துனாங்க. பீட்டா ப்ளாக்கரை (துடிப்பை மெதுவாக்குற மாத்திரை) ஒழுங்கா போடுங்க, ரத்தத்துல பொட்டாசியம் பாருங்க, எக்கோல (இதயத்தோட ஸ்கேன்) பம்பிங் எவ்வளவு சதவீதம்னு கேளுங்க. நல்லா மருந்து சாப்பிட்டும், 40 நாள் தாண்டியும் (ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 3 மாசம்) பம்பிங் 35 சதவீதத்தை தாண்டலைன்னா ஐசிடி மெஷின் (துடிப்பு ஆபத்தா மாறுனா உள்ளேர்ந்தே ஷாக் கொடுத்து சரிபண்றது) பத்தி பேசணும். மயக்கம் போட்டு விழுந்தா அதெல்லாம் வெயிட் பண்ணக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

பீட்டா ப்ளாக்கர் மெட்டோப்ரோலால் போட்டா லோ சுகர் வந்தா தெரியாதாமே?

படபடப்பும் நடுக்கமும் அமுங்கிடும், வேர்வை மட்டும் வரும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, சந்தேகமா இருந்தா குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70-க்கு கீழன்னா மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சு குடிச்சுட்டு 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க.