வாசகர் கேள்வி: 200 மீட்டர் எஃகு ஆடு

கேள்வி: அமெரிக்காவின் கைத்துப்பாக்கி சில்லவுட் போட்டியில் (விலங்கு, பறவை வடிவ எஃகுத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டி) நேரக் கணக்கு எப்படி? பாதுகாப்பு விதிகள் என்ன?

பதில்: பெரிய காலிபர் (குழல் விட்டம்) பிரிவில் எஃகுக் கோழி 50, பன்றி 100, வான்கோழி 150, செம்மறிக் கிடா 200 மீட்டரில் நிற்கும். ஒரு வரிசைக்கு ஐந்து உருவங்கள். ‘லோட்’ கட்டளைக்குப் பின் குண்டு நிரப்ப 30 விநாடி. ‘ஃபயர்’ என்றதும் ஐந்து குண்டுக்கு 2 நிமிடம். ஒன்றுக்கு 24 விநாடி, தாராளம்தான். அவசரப்படுவதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடமிருந்து வலமாக, உருவத்துக்கு ஒரே குண்டு. வரிசை மாறி விழுந்தால் தவறு. பட்டும் விழாவிட்டால் புள்ளி இல்லை. கிடாவிடம் வலுக்குறைந்த தோட்டா தோற்பது இப்படித்தான்.

‘சீஸ் ஃபயர்’ என்றால் உடனே நிறுத்தி, குண்டை அகற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து வைக்க வேண்டும். உருவங்களை நிறுத்த ஆள் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. எஃகு உள்ளீடு கொண்ட தோட்டா வேண்டாம்; அது தகட்டில் குழி பறிக்கும், குழியில் பட்ட ஈயத்துணுக்கு திரும்பிப் பாயும். ஆகவே பார்வையாளருக்கும் கண்ணாடி, காதடைப்பு அவசியம். மல்லாந்து படுத்து, காலோரம் ரிவால்வரை வைத்துச் சுடுவோர் கெண்டைக்காலில் தடித்த தோல் கட்டுங்கள்: தோட்டா நிற்கும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சீறும் வாயு காலைச் சுட்டுவிடும்.