ரெட் கேமரா கொடுத்த மனுஷனுக்கு: மும்பையிலிருந்து ஒரு கேள்வி பதில்

2019 அக்டோபர் 24-ஆம் தேதி ஜிம் ஜன்னார்ட் ஓய்வை அறிவித்தார். டிஜிட்டல் சினிமா கேமரா செய்கிற ரெட் கம்பெனியை ஆரம்பித்தவர். எழுபது வயது, உடம்பு முன்போல ஒத்துழைக்கவில்லை என்று சொன்னார். கூடவே அவருடைய ஹைட்ரஜன் போன் திட்டத்துக்கும் பூட்டு. அப்போது டைரக்டர்களும் கேமராமேன்களும் மாறி மாறி நன்றி சொன்னார்கள். மும்பையில் கேமரா பக்கம் பிழைக்கிற நம் ஆட்கள் இதைப் பற்றி என்னிடம் கேள்வி அனுப்பியிருந்தார்கள். நான் தாராவி 90 அடி ரோட்டுக்காரன். 1996-ல் ஃபிலிம் கேமராவோடு போகிற அட்டெண்டன்டாகச் சேர்ந்தேன். இப்போது டி.ஐ.டி., அதாவது செட்டில் கேமராவின் மெமரி கார்டை வாங்கி, டேட்டாவைப் பத்திரப்படுத்தி, கலரையும் ஒரு கண் பார்த்துக்கொள்கிற ஆள்.

மாலாடிலிருந்து ஒரு உதவி இயக்குநர்: அண்ணே, ஒரு கேமரா கம்பெனி முதலாளி ரிடையர் ஆனதுக்கு ஏன் இவ்வளவு உருக்கம்? கேமரா செய்றவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே?

விலைதான் தம்பி காரணம். மற்றதெல்லாம் அப்புறம்.

2006 வரைக்கும் நிலைமை இதுதான். ஃபிலிம் கேமராவைச் சொந்தமாக வாங்குவது தனிமனிதனால் ஆகிற காரியம் இல்லை. பானாவிஷன் கேமராவை விற்கவே மாட்டார்கள், வாடகைக்கு மட்டும்தான். டிஜிட்டல் என்று போனால் சோனி எஃப்900 போன்ற ஹெச்.டி. கேமரா, லட்சம் டாலரைத் தொடும். அதிலும் சென்சார், அதாவது வெளிச்சம் விழுந்து படமாகிற சில்லு, மூன்றில் இரண்டு இன்ச்தான். எதை எடுத்தாலும் பின்னால் இருக்கிற சுவர், காலண்டர், ஆணி எல்லாம் பளிச்சென்று தெரியும். சினிமா மாதிரி இருக்காது, கல்யாண வீடியோ மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் லாஸ் வேகாஸில் என்.ஏ.பி. என்ற ஒளிபரப்புக் கருவிக் கண்காட்சியில் ஜன்னார்ட் வந்து, ரெட் ஒன் என்று ஒரு கேமரா, 35 எம்.எம். ஃபிலிம் அளவுக்கு சென்சார், 4கே, அதாவது குறுக்கே நாலாயிரம் புள்ளி துல்லியம், சினிமா லென்ஸ் அப்படியே பொருந்தும், விலை 17,500 டாலர் என்றார். அன்றைய கணக்கில் சுமார் எட்டு லட்ச ரூபாய். லென்ஸ், சுங்க வரி, மற்ற சாமான் எல்லாம் தனி. ஓடுகிற கேமரா ஒன்றுகூடக் கையில் இல்லை. அதற்கே ஆயிரம் டாலர் முன்பணம் கட்டி ஜனங்கள் பேர் பதிந்தார்கள். பாதிப் பேர் இது ஃப்ராடு என்றார்கள். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொன்னார், வேறு பாஷையில். 2007 ஆகஸ்ட் கடைசியில் முதல் கேமராக்கள் வெளியே வந்தபோது அந்தப் பேச்சு நின்றது.

அப்புறம் அந்த லென்ஸ் மவுன்ட். சினிமா லென்ஸைப் பூட்டுகிற பி.எல். மவுன்ட் என்ற வளையத்தை வைத்ததால், மும்பை வாடகைக் கம்பெனிகளின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஜைஸ், குக் லென்ஸ் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

அந்தேரி மேற்கிலிருந்து ஒரு ஃபோகஸ் புல்லர்: ரெட் ஒன்னை முதல்ல எப்போ தொட்டீங்க?

2008 மழைக்காலம். ஒரு வாடகைக் கம்பெனியின் மாடி அறை. மேஜை மேல் துண்டு விரித்து வைத்திருந்தார்கள், பொண்ணு பார்க்கிற மாதிரி நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்றோம். உடம்பு மட்டுமே நாலரை கிலோ. சுவிட்சைப் போட்டால் ஒன்றும் வராது. கிட்டத்தட்ட தொண்ணூறு வினாடி காத்திருக்க வேண்டும். ஃபிலிம் கேமராவுக்குப் பழகியவர்களுக்கு அது ஒரு யுகம். ஒரு சீனியர், "ஏண்டா, இது முழிக்கிறதுக்குள்ள சூரியன் போயிடும்டா" என்றார்.

எனக்கு ஆச்சரியம் வேறு. அந்தக் காலத்து எட்டு ஜி.பி. சி.எஃப். கார்டில் 4கே எடுத்தால் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த 400 அடி ஃபிலிம் டப்பா எவ்வளவு ஓடும்? நாலு நிமிஷம் இருபத்தாறு வினாடி. அட, அதே கணக்குதானே என்று மனசுக்குள் ஒரு தைரியம். அதே மாதிரி எண்ணி எண்ணிச் செலவு பண்ணலாம், அதே மாதிரி மாற்றலாம்.

அந்தத் தைரியம்தான் கவிழ்த்தது. மூன்றாவது மாசம், ஒரு விளம்பரப் படம். எடுத்த கார்டு இடது பாக்கெட், காலி கார்டு வலது பாக்கெட் என்று வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டை மாற்றினேன். அவ்வளவுதான். எடுத்த கார்டையே கேமராவில் போட்டு ஃபார்மட் அடித்துவிட்டேன். ஒரு குழந்தை பால் குடிக்கிற ஷாட். குழந்தை அதற்குள் தூங்கிவிட்டது. மூன்று மணி நேரம் யூனிட் முழுக்கக் காத்திருந்தது. கேமராமேன் திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைய பேட்டாவை நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து எடுத்த கார்டில் சிவப்பு டேப் ஒட்டுகிறேன், இரண்டு இடத்தில் காப்பி ஆகி, நானே பிளே பண்ணிப் பார்க்கிற வரைக்கும் பிரிக்க மாட்டேன்.

செம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: 'ரா' ன்னா என்னன்னு எளிமையா சொல்லுங்க சார். அது என்ன பெரிய சாதனை?

மற்ற கேமராக்கள் பெரும்பாலும் அன்றைக்குக் கொடுத்தது சுட்ட தோசை. கலர், வெளிச்சம் எல்லாம் உள்ளேயே முடிவாகி டேப்பில் இறங்கிவிடும். வேகவில்லை, கருகிவிட்டது என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ரா என்பது மாவு. சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, தோசையா இட்லியா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். மாவே புளித்திருந்தால் ஒன்றும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓவர் எக்ஸ்போஸ் ஆகி வெளுத்துப்போன வானத்தை எந்த ரா-வும் திருப்பித் தராதும்மா.

சிக்கல், மாவு ரொம்ப அதிகம். 4கே, 12 பிட், நொடிக்கு 24 ஃபிரேம். கணக்குப் போட்டுப் பார், நொடிக்கு 340 எம்.பி. பக்கம் வரும். அதைத் தாங்குகிற ஸ்டோரேஜை அன்றைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ரெட்கோட் என்று ஒரு சுருக்கும் முறை செய்து அதை 28 எம்.பி.க்குக் கொண்டு வந்தார்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத மாதிரி. அதனால்தான் சாதாரண கார்டில் அடங்கியது. என்னைக் கேட்டால் சென்சாரைவிட இதுதான் பெரிய வேலை.

சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு எடிட்டர்: ஜன்னார்ட் இன்ஜினியரே இல்லையாமே?

இல்லை. 1975-ல் முந்நூறு டாலரோடு ஓக்லி என்று ஆரம்பித்தவர். முதலில் மோட்டார் பைக் கைப்பிடி விற்றார், அப்புறம் கூலிங் கிளாஸ். கம்பெனிப் பெயர் அவர் வளர்த்த நாயுடைய பெயர். 2007-ல் லக்ஸாட்டிகா என்ற கண்ணாடிக் கம்பெனிக்கு விற்றபோது 210 கோடி டாலர். ஓக்லியில் சம்பாதித்த காசும், கேமரா பைத்தியமும் சேர்ந்ததுதான் ரெட்.

ஆனால் நன்றியை அவர் ஒருத்தர் தலையிலேயே கொட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ரெட்கோட்டுக்கும் கலருக்கும் மூளை கொடுத்தவர் கிரேம் நாட்ரஸ். ஆரம்பத்தில் ஊர் ஊராகப் போய் நம்ப வைத்தவர் டெட் ஷிலோவிட்ஸ். கேமரா முழுசாகத் தயாராவதற்கு முன்பே ப்ரோட்டோடைப் என்ற மாதிரிக் கேமராவை வைத்துக் குறும்படம் எடுத்துக் காட்டியவர் டைரக்டர் பீட்டர் ஜாக்ஸன். சே குவேராவைப் பற்றிய தன் படத்துக்கு இதை நம்பிக் காட்டுக்குள் போனவர் டைரக்டர் சோடர்பெர்க். முதல் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்த்துச் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு.

தாராவியிலிருந்து ஒரு முன்னாள் லேப் ஊழியர்: தம்பி, நான் இருபத்தி ரெண்டு வருஷம் டெவலப்பிங்ல இருந்தவன். எங்க வயித்துல அடிச்சவருக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?

அண்ணாச்சி, நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு, விரல் நுனியாலேயே ஃபிலிமைத் தேடிப் பிடித்து கேமராவின் மேகசின் டப்பாவில் ஏற்றுவோமே, அந்த வேலை எனக்கும்தான் போனது. ஏப்ரல் வெயிலில் பைக்குள்ளே கை வேர்க்கும். பவுடர் போட்டால் ஃபிலிமில் ஒட்டும் என்று அதையும் போட மாட்டோம், துணியால் துடைத்துத் துடைத்து ஏற்றுவோம். பத்து வருஷம் பழகிய விரல், ஒரே வருஷத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆனால் பழியை ஒருத்தர் மேல் போடவும் எனக்கு மனசு வரவில்லை. லேப்பைச் சாய்த்தது கேமராவைவிட தியேட்டர்தான். நூற்றுக்கணக்கில் பிரிண்ட் போட்ட இடத்தில் டிஜிட்டல் ப்ரொஜெக்‌ஷன் வந்தது. நம் சென்னைக்காரர்களின் க்யூப்கூட அதில் உண்டு. 2010-ல் ஆரி கம்பெனியின் அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமரா வந்தது. 2011-ல் ஆரி ஃபிலிம் கேமரா தயாரிப்பையே நிறுத்தியது. 2012-ல் கோடாக் திவால் மனு. 2013-ல் ஃபியூஜி சினிமா நெகடிவ் போடுவதை விட்டது. ஜன்னார்ட் இல்லாவிட்டாலும் இதெல்லாம் வந்திருக்கும், ஐந்தாறு வருஷம் தள்ளி, நம்மால் தொட முடியாத விலையில்.

நான் ஏன் நன்றி சொல்கிறேன் என்றால் அது வேறு கணக்கு. ஃபிலிம் காலத்தில் டெலிசினி, அதாவது ஃபிலிமை வீடியோவாக மாற்றுகிற அறைக்குள் கலர் பார்ப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுகிற அறை. அதற்குள் என் வேலை டீயும் சாண்ட்விச்சும் கொண்டுபோய் வைப்பது. கலரிஸ்ட் உருட்டுகிற அந்த உருண்டைகளை ஒரு தடவை தொட்டதற்கு, வெளியே போ என்று கை காட்டினார்கள். ரெட் வந்தபோது அந்த ஃபைலைத் திறக்கிற மென்பொருளை கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். கேமராமேன் ஒருத்தர் நாலு டெஸ்ட் ஷாட் கொடுத்தார். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, அதே நாலு ஷாட்டை ஆறு மாசம் புரட்டினேன். பத்தாம் கிளாஸ் படித்தவனுக்கு அந்த அறைக்கதவு திறந்தது அப்படித்தான். உங்களுக்கு அப்படி ஒரு கதவு யாரும் திறக்கவில்லை. அது உங்கள் தப்பு இல்லை.

கோரேகாவ் ஃபிலிம் சிட்டியிலிருந்து ஒரு லைட்மேன்: நம்ம மும்பையில எடுத்து ஆஸ்கர் வாங்குன படம் ரெட்லதானே எடுத்தாங்க?

ஸ்லம்டாக் மில்லியனரைத்தானே கேட்கிறீர்கள்? ரெட் இல்லை. பெரும்பகுதி எஸ்.ஐ-2கே என்ற சின்னக் கேமராவில் எடுத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக ஓடினார்கள். 2009-ல் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியபோது, டிஜிட்டலை மட்டம் தட்டிய நிறையப் பேர் வாயை மூடினார்கள். தமிழில் பி.சி.ஸ்ரீராம் 2004-லேயே டிஜிட்டலில் முயன்றார், கமல் 2005-ல் மும்பை எக்ஸ்பிரஸ் எடுத்தார். ரெட் ஒன்னில் எடுத்த தமிழ்ப் படம் என்றால் 2009-ல் வந்த உன்னைப்போல் ஒருவன்.

பவாயிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: நல்லவர் நல்லவர்னு சொல்றீங்க, அந்தப் பேட்டண்ட் விவகாரம்?

அது கசப்புதான். கேமராவுக்குள்ளேயே ராவைச் சுருக்கிப் பதிகிற முறைக்கு ரெட் பேட்டண்ட் வாங்கி வைத்தது. 2013-ல் சோனி மேல் வழக்குப் போட்டார்கள், சோனி திருப்பிப் போட்டது, கடைசியில் இரண்டும் வாபஸ். 2019-ல் ஆப்பிள் அந்தப் பேட்டண்டையே எதிர்த்து மனுப் போட்டது. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததைக் காப்பாற்றுவது நியாயம். ஆனால் எல்லாருக்கும் கதவு திறந்த ஆளே அடுத்த கதவுக்குப் பூட்டுப் போட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

வாஷியிலிருந்து ஒருவர்: ஹைட்ரஜன் போன் வாங்கினீர்களா?

சாமி, அதை விட்டுடுங்க.

ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு குறும்பட இயக்குநர்: அண்ணா, பழைய ரெட் ஒன் ஒண்ணு மலிவா விலைக்கு வருது. வாங்கலாமா?

மலிவு என்றால் சந்தேகப்படு. முதலில் சென்சார் எது என்று கேள், பழைய மிஸ்டீரியமா, எம்-எக்ஸா? எம்-எக்ஸ் என்றால் ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவு, 800 வைத்து ராத்திரி ரோட்டு வெளிச்சத்தில் சமாளிக்கலாம். பழையது என்றால் 320-தான், டங்ஸ்டன் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலத்தில் புள்ளி புள்ளியாக வரும். பாட்டரியும் கார்டும் சேர்த்துத் தருகிறானா பார், அது இல்லாமல் உடம்பு மட்டும் வாங்கினால் அலமாரியில் வைத்துக் கும்பிடத்தான் ஆகும். வசனம் நிறைய இருக்கிற படமா? அப்படியென்றால் ஃபேன் சத்தத்தை அமைதியான அறையில் காது வைத்துக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கால்ஷீட் இல்லை. மாட்டுங்கா அரோரா தியேட்டர் வாசலுக்கு வந்துவிடு, நானும் கூட வந்து பார்க்கிறேன். லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மவுன்ட்டை மூடுகிற மூடியை மட்டும் மறக்காமல் எடுத்து வரச் சொல். அது இருந்தால்தான் பிளாக் ஷேடிங், அதாவது வெளிச்சமே படாமல் சென்சாரைச் சரிபார்க்கிற வேலையைப் போட்டு சென்சாரில் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம். சுவிட்சைப் போட்டுவிட்டு அது முழிக்கிற வரைக்கும் ஒரு காபி குடிக்கலாம்.