ரப்பர் மீன் சுழல்வதும் பாசி அள்ளுவதும்

வணக்கம்ங்க. போலி இரையான நாலு இஞ்சு ரப்பர் மீனை ஜிக் ஹெட்டில், அதாவது ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் மாட்டி சூலூர்க் குளத்தில் விராலுக்கு வீசினால் பாசியை அள்ளிக்கொண்டு வருகிறது, பாசி இல்லாத இடத்தில் பம்பரமாகச் சுற்றுகிறது என்கிறீர்கள்.

பாசிக்குக் காரணம் ஜிக் ஹெட். முள் முனை வெளியே நிற்கிறதல்லவா? பவானிசாகர் மாதிரி திறந்த தண்ணீருக்கு அது சரி. குளத்துக்கு 4/0 அளவு ஆஃப்செட் முள் (கண்ணுக்குப் பக்கத்தில் தண்டு மடிந்திருக்கும்) வாங்குங்கள், தண்டில் 2 அல்லது 3 கிராம் ஈயம் உள்ளதாக. அமெரிக்காவில் பாஸ் மீனுக்குப் பயன்படுத்தும் முறைதான், நம்ம ஊர் ஆகாயத்தாமரைக்கும் அப்படியே பொருந்தும்.

சுற்றுவது மாட்டும் விதத்தால். முனையை மூக்கின் நடுவில் அரை சென்டிமீட்டர் குத்தி, அடியில் வெளியே எடுத்து, முள்ளின் கண் மூக்குக்குள் மறையும்வரை இழுங்கள். அப்புறம் முள்ளைத் திருப்பி, உடம்பின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். வளைவு விழும் இடத்தில் நகத்தால் ஒரு கீறல். முனை அங்கே வயிற்றில் ஏறி, முதுகின் நடுக்கோட்டில் வெளிவர வேண்டும். ஒரு நூல் விலகினாலும் சுற்றும், உடம்பு கூன் போட்டாலும் சுற்றும். முனையை முதுகுத் தோலில் லேசாகச் செருகிவிடுங்கள். கரையோரம் இழுத்து வாலாட்டத்தைப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

முனை ரப்பரைக் கிழித்துக்கொண்டு விரால் வாயில் ஏற வேண்டும். அதனால் விறைப்பான ராடும் 30 பவுண்டு பிரெய்டு எனும் பின்னல் நூலும் தேவை.

குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டமாக மிதந்தால் அந்தப் பக்கம் வீசாதீங்க, பெரிய விரால் காவலுக்கு நிற்கும். குளம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.