பலகைச் சான்றிதழ் வேறு, தளபாடச் சான்றிதழ் வேறு

கேள்வி: நிலாவெளியில் எழும் விடுதி ஒன்றுக்கு மேசை, அலுமாரி செய்ய ஓடர் கிடைத்துள்ளது. பசுமைக் கட்டடங்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் லீட் 4.1 சான்றிதழுக்குப் போகிறார்கள். ‘ஈ1’ முத்திரை உள்ள எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) வாங்கினால் போதும் என்கிறார் பலகை வியாபாரி. சரியா?
– தச்சுப் பட்டறை உரிமையாளர், உப்புவெளி

பதில்: போதாது. ஈ1 என்பது பலகையிலிருந்து வரும் ஃபார்மல்டிஹைடு என்ற தீங்கான வாயுவுக்கு மட்டுமான ஐரோப்பிய அளவு. தனியாக நிற்கும் தளபாடத்துக்கு லீட் கேட்பது, பசை, எட்ஜ் பேண்ட் (விளிம்புப் பட்டி), லாக்கர் பூச்சு எல்லாம் ஏறி முடிந்த பொருளை மூடிய அறையில் வைத்து, அது விடும் வாயுக்களை அளக்கும் பிஃப்மா எம்7.1 என்ற அமெரிக்கச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேசத் தர அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் அறிக்கை வேண்டும். சுவரோடு பொருத்தும் அலுமாரி எந்தப் பிரிவில் வரும் என்பதைத் திட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு பட்டறைக்கு இந்தச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது. நல்லவேளையாக, தளபாடச் செலவில் 75 சதவீதம் தேறினால் போதும்: மொத்தம் 60 இலட்சம் என்றால் 45 இலட்சம். பூச்சு இல்லாத திண்ம மரம், கண்ணாடி, பவுடர் கோட்டிங் செய்த இரும்பு ஆகியவற்றுக்குச் சோதனை தேவையில்லை. மேசைக்கு இரும்புச் சட்டமும் கண்ணாடித் தட்டும் போடுங்கள். கதிரைகளை, வாயு வெளியீடு குறைவு என்பதற்கான கிரீன்கார்ட் கோல்ட் சான்றுடன் வாங்கும்படி விடுதியாரிடம் சொல்லுங்கள். எம்.டி.எஃப். மிச்சத்துக்கு மட்டும்.

அந்த மிச்சத்திலும் கவனம் வேண்டும். யூரியா ஃபார்மல்டிஹைடு பசை ஈரத்தில் சிதைந்து வாயுவை விடும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பலகையின் முகத்தை விட வெட்டிய விளிம்புதான் அதிகம் கசியும். சுவர்ப் பக்கம் யாருக்கும் தெரியாது என்று அந்த விளிம்பை வெறுமையாக விடுவது நம் பட்டறைகளின் வழக்கம். நான்கு விளிம்புக்கும் பேண்ட் ஒட்டுங்கள், வயர் போக வெட்டும் துளையின் உட்பக்கத்துக்கும் சீலர் அடியுங்கள். அமிலம் கலந்து இறுகவைக்கும் லாக்கர் வேண்டாம், அதிலிருந்தே ஃபார்மல்டிஹைடு வரும்.

கேள்வி: லீட் புள்ளிக்காக, புதுப் பொருள்கள் விட்ட வாயு வெளியேற, திறப்புக்கு முன் கட்டடத்துக்குள் வெளிக்காற்றை ஓடவிட வேண்டுமாம். கச்சான் காற்றுக் காலத்தில் சன்னல்களைத் திறந்து வைத்தால் ஆகாதா?
– கட்டட மேற்பார்வையாளர், திருகோணமலை

பதில்: ஆகாது. ஒரு சதுர அடித் தளத்துக்கு 14,000 கன அடி வெளிக்காற்று போக வேண்டும். அந்த நேரம் முழுவதும் உள்ளே வெப்பம் 27 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது, ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கச்சான் வெக்கையில் முதலாவது நடக்காது, மாரியில் இரண்டாவது நடக்காது. சாதாரண ஸ்பிளிட் ஏசியும் உதவாது, அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும். வெளிக்காற்றைக் குளிர்வித்து, ஈரம் நீக்கி உள்ளே தள்ளும் அமைப்பு வேண்டும். 200 சதுர அடி அறைக்கு நிமிடத்துக்கு 200 கன அடி வீதம் விட்டால் ஏறக்குறைய 10 நாள். அவசரமென்றால் சதுர அடிக்கு 3,500 கன அடி முடிந்ததும் ஆட்களை விடலாம். மீதியைக் குறைந்தது சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.3 கன அடி வீதம் தொடர வேண்டும். தளபாடம் முழுவதும் வந்து இறங்கிய பிறகே தொடங்குங்கள். இதற்குப் புள்ளி தனி. தளபாடச் சோதனைக்கு இது ஈடாகாது.

கேள்வி: பழைய வீட்டு முதிரைக் கதிரைகளை வரவேற்பறையில் போடலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: தாராளமாக. ஓராண்டுக்கு மேல் பழைய தளபாடம் சோதனையின்றியே ஏற்கப்படும். ஆனால் கட்டடத்துக்குள் வைத்துப் புதிதாக வார்னிஷ் அடித்தால், அந்த வார்னிஷ் லீட்டின் பூச்சு வரம்புக்குள் இருக்க வேண்டும்.