‘இஸ்ன்ட் இட்?’ என்று கேட்டால் என்ன குற்றம்?

ஆங்கிலப் பேச்சு குறித்த வாசகர்களின் கேள்விகளுக்கு, அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மேலதிகாரி எதைச் சொன்னாலும் கடைசியில் ‘இஸ்ன்ட் இட்?’ என்று முடிக்கிறார். ‘யூ ஆர் கமிங் டுமாரோ, இஸ்ன்ட் இட்?’, ‘தே வென்ட் எஸ்டர்டே, இஸ்ன்ட் இட்?’ கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கிறது. மரியாதை குறையாமல் எப்படித் திருத்துவது?
– வாசகி, ஈரோடு

திருத்தாதீர்கள். அவரே கேட்டால் சொல்லுங்கள். நாலு பேர் முன்னிலையில் ஒருபோதும் வேண்டாம்.

வாக்கியத்தின் கடைசியில் வாலாக ஒட்டும் இந்தச் சின்னக் கேள்விக்குப் பெயர் கொஸ்டின் டேக். பள்ளியில் அதைப் படித்த எல்லோருக்கும் விதி நினைவிருக்கும். வாக்கியம் உடன்பாடு என்றால் வால் எதிர்மறை. வாக்கியம் எதிர்மறை என்றால் வால் உடன்பாடு. ‘யூ ஆர் கமிங்’ என்றால் ‘ஆர்ன்ட் யூ’, ‘தே வென்ட்’ என்றால் ‘டிட்ன்ட் தே’. ‘ஹார்ட்லி’, ‘செல்டம்’ வந்தால் அது எதிர்மறைக் கணக்கு. ‘ஃபியூ’ எதிர்மறை, ‘எ ஃபியூ’ உடன்பாடு. ‘ஐ ஆம்’ என்று தொடங்கினால் ‘ஆர்ன்ட் ஐ’ என்று முடிக்க வேண்டும். ‘லெட் அஸ்’ என்றால் ‘ஷல் வி’. ஒரு சின்னக் கேள்விக்கு ஆங்கிலம் கேட்கிற கணக்கு இவ்வளவு!

நம் மொழியில் பாருங்கள். ‘நேற்று வந்தார்கள் அல்லவா?’, ‘நாளை வருவாய் அல்லவா?’, ‘இது உன் குடை அல்லவா?’ ஆள் மாறட்டும், காலம் மாறட்டும், ‘அல்லவா’ அசைவதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் ‘நெஸ் பா’வும் ஜெர்மானியர்களின் ‘நிஷ்ட் வார்’ என்பதும் இப்படித்தான். உங்கள் மேலதிகாரி ‘அல்லவா’வைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார்.

இங்கிலாந்திலேயே இது நடக்கிறது. என் தங்கை லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள். அவள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் பேசுவதைத் தினமும் கேட்டேன். ‘வி வென்ட் தேர் எஸ்டர்டே, இன்னிட்?’ ‘ஷீ நோஸ் ஹிம், இன்னிட்?’ ‘இஸ்ன்ட் இட்’ தேய்ந்து ஆனதுதான் இந்த ‘இன்னிட்’. எல்லா வாக்கியத்துக்கும் அது ஒன்றுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று அவர்களை எவரும் சொல்ல முடியாது.

தேர்வில், விண்ணப்பத்தில், அலுவலகக் கடிதத்தில் விதிப்படிதான் எழுத வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேச்சில் திருத்துவது வேறு விஷயம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதன் விலையை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

பதினோராம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். வகுப்பைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி புறப்படும் நேரத்தில், யாரும் சொல்லாமல் தானாகவே எழுந்து நின்று, ‘சார், யூ வில் கம் அகெய்ன், இஸ்ன்ட் இட்?’ என்று கேட்டாள். மறுபடி வாருங்கள் என்று அன்போடு அழைத்தாள், அவ்வளவுதான். அவர் அந்த ‘இஸ்ன்ட் இட்’டை இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சிரித்தார். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டே அவள் உட்கார்ந்தாள். ஆண்டு முடியும்வரை அவள் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் வரவில்லை. தேர்வில் கொஸ்டின் டேக் அத்தனையும் சரியாக எழுதியிருந்தாள். அன்று நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். குறுக்கிடவில்லை. இன்றும் அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கேள்வி: ‘லைக்’, ‘பேசிக்கலி’, ‘ஆக்சுவலி’, ‘யூ நோ’. இவற்றில் எது மிகவும் எரிச்சலூட்டுவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

உங்கள் பட்டியலில் எதுவுமில்லை. பிரிட்டனில் எளிய ஆங்கிலத்துக்காக இயங்கும் ‘ப்ளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்’ 2004-ல் தன் ஆதரவாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டது. முதலிடம் ‘அட் தி எண்ட் ஆஃப் த டே’ என்ற தொடருக்கு. மூச்சுக்கு மூச்சு ‘லைக்’ போடுவதும் பட்டியலில் மேலேதான் இருந்தது.

எனக்கு ‘லைக்’ பொறுத்துக்கொள்ளக் கூடியது. அடுத்த சொல்லைத் தேடுகிறவர் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார், கொடுத்தால் என்ன? ‘அ’, ‘அம்’ என்று இழுப்பதும் அப்படியே. ‘அ’ வந்தால் சிறிய இடைவெளி, ‘அம்’ வந்தால் சற்று நீண்ட இடைவெளி என்று கேட்பவருக்கு முன்கூட்டியே உணர்த்துகிற குறிகள் அவை என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய ஆய்வாளர்கள் 2002-ல் எழுதினார்கள். என்னால் பொறுக்க முடியாதது ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’. அதைச் சொல்லிவிட்டு மரியாதையாகப் பேசிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கேள்வி: பெண்கள்தான் கொஸ்டின் டேக்கை அதிகம் பயன்படுத்துகிறார்கள், அது தன்னம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகி, கோவை

பழைய கருத்து. 1970-களில் அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேகாஃப் முன்வைத்தது. சொன்னதை உறுதியாகச் சொல்லத் தயங்கி, ஒப்புதல் கேட்டு நிற்கும் பேச்சு என்று அவர் அதைப் பார்த்தார். பிறகு நியூசிலாந்தில் ஜேனட் ஹோம்ஸ் உண்மையான உரையாடல்களை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். தகவலில் ஐயம் இருந்து கேட்கும் வால்கள் ஆண்களிடம்தான் அதிகம் இருந்தன. பெண்களிடம் அதிகம் இருந்தவை, எதிரில் இருப்பவரைப் பேச்சுக்குள் இழுத்துக்கொள்ளும் வால்கள். வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் ‘நீங்கள் கூட அங்கே போயிருக்கிறீர்கள், இல்லையா?’ என்று எடுத்துக் கொடுக்கிறோமே, அந்த வகை. பேச்சை நடத்திச் செல்லும் பொறுப்பில் இருப்பவர் செய்கிற வேலை அது.

குரலையும் கவனியுங்கள். ‘யூ போஸ்டட் த லெட்டர், டிட்ன்ட் யூ?’ என்பதில் கடைசியில் குரல் ஏறினால் உண்மையிலேயே சந்தேகம். இறங்கினால், ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார். நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் ‘யூ வேர் தேர் தட் நைட், வேர்ன்ட் யூ?’ என்று குரலை இறக்கிக் கேட்கும்போது, அதில் தன்னம்பிக்கைக் குறைவு எங்கே இருக்கிறது? அடுத்த வகுப்பில் அந்தப் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, இங்கே பிறந்தவன். ‘ஏன் போனை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் ‘ஐ வாஸ் இன் த ஷவர், வாஸ்ன்ட் ஐ?’ என்கிறான். ‘அப்பா எங்கே?’ என்றால் ‘ஐ டோன்ட் நோ, டு ஐ?’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அறைந்தது போல் இருக்கிறது.
– ஒரு தாய், ஹாரோ, லண்டன்

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, சகோதரி. விதிப்படி அமைந்த வால்கள்தான் இரண்டும். அவன் குளித்துக்கொண்டிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றை, தெரிந்திருக்க வேண்டிய ஒன்றாக்கி, கேட்டவரையே முட்டாளாக்குகிறது அந்த ‘வாஸ்ன்ட் ஐ’. ஈரோட்டு மேலதிகாரியின் ‘இஸ்ன்ட் இட்’ பதிலுக்குக் காத்திருக்கிறது. இது காத்திருப்பதில்லை, கதவைச் சாத்துகிறது. பிரிட்டன் பேச்சில் பரவலாக இருப்பதால், நண்பர்களிடமிருந்து பழகியிருப்பான். உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டான்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் சொல்லுங்கள்: ‘தெரியாதப்பா. நீ குளிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் கேட்டேன்.’ தமிழிலேயே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவன் ஏதாவது சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.