மீமில் பெருகும் அலகு எது?

வணக்கம். ஆய்வுக்காக 400 மீம் சேர்த்தபின், "இதில் பெருகும் அலகு, அதாவது நகலாகிப் பரவும் துண்டு, படமா, வசனமா?" என்று நெறியாளர் கேட்க, பதில் தெரியாமல் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி அது, விட்டுவிடாதீர்கள்.

1976-ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'மீம்' என்ற சொல்லை உருவாக்கியபோது மெட்டு, உடைப் பாணி, பானை வனையும் முறை எல்லாமே மீம்தான் என்றார். அளவைக் கட்டிப்போடவில்லை. அதனால் அலகை உங்கள் தொகுப்பே சொல்லட்டும்: பல கை மாறியும் சிதையாமல் வரும் துண்டு எதுவோ, அதுதான். வடிவேலு முகம் அப்படியே இருந்து வசனம் மட்டும் மாறுகிறதா? அங்கே முகம்தான் அலகு.

அப்புறம், பகிர்வு எண்ணிக்கையைவிட, நகலெடுக்கும்போது நுழையும் பிழைகளைக் கவனியுங்கள். பென்னட், மிங் லி, பின் மா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 33 சங்கிலிக் கடிதங்களை ஒப்பிட்டு, எதிலிருந்து எது வந்தது என்று வம்சமரமே வரைந்தார்கள் (2003). நம் ஊரில் "நகலெடுத்து அனுப்பாவிட்டால் கேடு வரும்" என்று வந்த அஞ்சலட்டைகளின் உறவுக்காரக் கடிதங்கள் அவை. ஒரே விசித்திரப் பிழை இரண்டு பிரதியில் இருந்தால் தாய்ப் பிரதி ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீமில் வெட்டுப்பட்ட ஓரம், மங்கல், பழைய வாட்டர்மார்க் எல்லாம் அதே வேலையைச் செய்யும்.

முதலில் ஒரே டெம்ப்ளேட்டில் 30 மட்டும் எடுத்து, மாறியது, மாறாதது என்று எழுதிப் பாருங்கள். வாட்ஸ்அப் தேதியைத் தோன்றிய தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.