கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் திமுகவும் அதிமுகவும் ஏன் எடுபடுவதில்லை? கிறிஸ்தவர்கள் அதிகம் என்பதுதான் காரணமா?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. நான் தக்கலைப் பக்கத்துக்காரன். தேர்தல் வந்தால் சென்னைத் தொலைக்காட்சி விவாதங்களில் எங்கள் மாவட்டத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 'அங்கே சிறுபான்மையினர் வாக்கு அதிகம்' என்று ஒருவர் சொல்ல, அடுத்த தொகுதிக்குப் போய்விடுவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்குச் சற்று மேல், கிறிஸ்தவர்கள் 47 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ். எண் சரிதான். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுபது ஆண்டுத் தேர்தல் முடிவுகளை விளக்கப் புறப்பட்டால் பல இடங்களில் இடிக்கும்.

முதலில் ஒரு விவரம். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன் இதற்கு நாகர்கோவில் தொகுதி என்று பெயர். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் கிடந்தது. திருவட்டார் ஒழிந்து, கன்னியாகுமரி உள்ளே வந்து, மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியானது 2009 தேர்தலில்தான். பழைய முடிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

காரணத்துக்கு வருவோம். முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாங்கள் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அந்தத் தேர்தலில் நாகர்கோவிலில் வென்றவர் நேசமணி. அவர் நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்பதே அந்தக் கட்சியின் உயிர்க் கோரிக்கை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமானது.

திமுக மற்ற மாவட்டங்களில் எதைச் சொல்லி வளர்ந்தது? தமிழ் உணர்வு, சாதி ஆதிக்க எதிர்ப்பு, காங்கிரஸ் மீதான கோபம். இங்கே தமிழுக்காகக் குண்டடி பட்டவர்களே காங்கிரஸ் பெயரில் திரண்டவர்கள். சாதி ஆதிக்கத்தை எதிர்த்த கதையோ அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம், சமத்துவம் பேசிய அய்யா வைகுண்டர், மிஷனரிகளின் பள்ளிக்கூடங்கள் என்று அது தனி வழியில் நடந்து முடிந்திருந்தது. திமுக வந்து சேர்ந்தபோது அது உட்கார வேண்டிய நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. என்னைக் கேட்டால், மதக் கணக்கைவிட இதுதான் அடிப்படை.

தமிழ்நாட்டோடு இணைவதற்கான அந்தப் போராட்டத்தின் இன்னொரு பெரிய தலைவர் தாணுலிங்க நாடார். 1957இல் காங்கிரஸ் சார்பில் இந்தத் தொகுதியின் எம்.பி. ஆனவர் அவர்தான். பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். நேசமணி கிறிஸ்தவர், தாணுலிங்கர் இந்து, இருவரும் ஒரே போராட்டத்தில் வளர்ந்தவர்கள். இன்று எதிரெதிர் முகாம்களில் நிற்கும் பல குடும்பங்களின் தாத்தாக்கள் அன்று ஒரே மேடையில் இருந்தார்கள்.

மதம் பார்த்துத்தான் வாக்கு என்பவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது 1969 இடைத்தேர்தல். 1962, 1967 இரண்டிலும் காங்கிரஸ் சார்பில் வென்ற நேசமணி 1968இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றிருந்தார். 'காமராஜர் கதை முடிந்தது' என்று பேசிக்கொண்டிருந்த காலம். அவர் நாகர்கோவிலில் வந்து நின்றார். எதிரே ஆளும் திமுகவின் ஆதரவோடு மத்தியாஸ். பெயரே மதத்தைச் சொல்லும். காமராஜர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1971இல் இந்திரா காங்கிரஸும் திமுகவும் சேர்ந்த அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38ஐ அள்ளியது. மீதமிருந்த ஒன்று நாகர்கோவில்; காங்கிரஸ் பிளவில் இந்திராவுக்கு எதிரே பழைய காங்கிரஸில் நின்ற காமராஜர். மாநிலம் முழுவதும் ஒரு பக்கம் சாய, இந்தத் தொகுதி மட்டும் தனியாக நின்றது அன்றே தொடங்கிவிட்டது. பாஜக என்ற கட்சியே அப்போது பிறக்கவில்லை. 1977இலும் அதே பழைய காங்கிரஸ்தான், குமரி அனந்தன்.

பிறகு 1980 தொடங்கி 1998 வரை வென்றவர் டென்னிஸ் என்ற ஒரே ஆள். நான்கு முறை காங்கிரஸ், இரண்டு முறை அதிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா), மொத்தம் ஆறு வெற்றிகள். இந்தப் பதினெட்டு ஆண்டுகளை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும். உள்ளே எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழா நேரத்தில் தொடங்கிய மோதல், துப்பாக்கிச் சூடு, கடற்கரை ஊர்களுக்குள்ளும் உள்நாட்டு ஊர்களுக்குள்ளும் பரவிய தீவைப்பு. வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதன் பிறகு பல ஊர்களில் டீக்கடைகூடப் பிரிந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1984இல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி ஆதரவு பெற்ற சுயேச்சை பாலச்சந்திரன் சட்டமன்றம் போனார். 1996இல் அதே பத்மநாபபுரத்திலிருந்து வேலாயுதன், தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. திமுகவுக்குக் கிடைக்காமல் போன இடம் இப்படி இன்னொரு தேசியக் கட்சிக்குப் போனது. காங்கிரஸ் ஒரு கரை, பாஜக மறு கரை என்ற இன்றைய அமைப்பு உருவானது இந்தக் காலத்தில்தான். ஆக, மதம் ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது பிந்தி வந்த காரணம்.

சரி, அப்படியானால் பாஜகவும் காங்கிரஸ் அணியும் மாறி மாறி வெல்வது எதனால்? அணிக் கணக்கு. 1998இல் பாஜக அதிமுகவோடு நின்றது; கோவை, நீலகிரி, திருச்சியில் வென்ற பாஜக தன் வலுவான மாவட்டத்தில் தோற்றது. அடுத்த ஆண்டே திமுகவோடு சேர்ந்தது, பொன். ராதாகிருஷ்ணன் வென்றார், வாஜ்பாய் அமைச்சரவையிலும் இடம் பெற்றார். 2004இல் திமுக, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் ஒரே அணி. மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். மார்க்சிஸ்டா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். விளவங்கோட்டை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள். கேரள எல்லையை ஒட்டிய அந்தச் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சி பலமுறை வென்றிருக்கிறது. திமுகவோ அதிமுகவோ 2024 இடைத்தேர்தல் வரை அங்கே ஒருமுறைகூட வென்றதில்லை.

உங்கள் கேள்விக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 2009இல் ஹெலன் டேவிட்சன் திமுக சார்பில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். தொகுதியின் முதல் பெண் எம்.பி.யும் அவரே. ஆனால் அது காங்கிரஸ் திமுகவோடு இருந்த தேர்தல். 2014இல் தனியாக நின்று தோற்ற பிறகு திமுக இந்த இடத்தைக் காங்கிரசுக்கே விட்டுவிடுகிறது. அரசியல் தெரிந்த முடிவு என்பேன்.

2014 தான் அணிக் கணக்குக்குச் சிறந்த உதாரணம். காங்கிரஸ், திமுக, அதிமுக, இடதுசாரிகள் என்று எதிரணி சிதறியது. பாஜக தேமுதிக, பாமக, மதிமுகவோடு சேர்ந்து நின்றது. அதிமுக 37 இடங்களை வென்ற அந்த அலையிலும் பொன். ராதாகிருஷ்ணன் வென்றார். தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் படுத்துவிட்ட காங்கிரஸ், இங்கே வசந்தகுமார் மூலம் இரண்டாமிடம் பிடித்தது. 2019இல் திமுகவும் காங்கிரஸும் மீண்டும் சேர்ந்தன. அதே வசந்தகுமார் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் பொன். ராதாகிருஷ்ணன் மத்திய அமைச்சராக இருந்த காலத்தில் வந்தவை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்களைத் தேடியதில் காட்டிய மெத்தனமும், சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டமும் கடற்கரை ஊர்களை மொத்தமாகத் திருப்பிவிட்டன.

2020 ஆகஸ்டில் வசந்தகுமார் கொரோனாவில் காலமானார். 2021 இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த் வென்றார். அதே நாளில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர். காந்தியும், கன்னியாகுமரியில் அதிமுகவின் தளவாய் சுந்தரமும் வென்றார்கள் என்பதையும் கவனியுங்கள். சட்டமன்றம் என்றால் கிழக்குப் பகுதியில் திராவிடக் கட்சிகளுக்கு நல்ல பிடி உண்டு. பத்மநாபபுரத்தில் மனோ தங்கராஜ் திமுகவுக்காக வென்று அமைச்சராகவும் ஆனார். டெல்லிக்கு அனுப்பும்போதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள்.

2024இல் மீண்டும் விஜய் வசந்த், மீண்டும் பொன். ராதாகிருஷ்ணன். ஏறக்குறைய 1.80 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸ் வென்றது. பாஜகவைப் பிரிந்து நின்ற அதிமுக, நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போனது. அதன் வேட்பாளரும் கிறிஸ்தவர்தான்.